வகுப்பறைச் செய்தி வீட்டுக்கு வரட்டும்

“நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வரணுமாம்மா. ஒரு சார்ட்டும் ஸ்கெட்ச்சும் வேணுமாம்.” இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை இப்படிச் சொல்லும். மூலைக்கடையில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருப்பார்கள். “எப்ப சொன்னாங்க மிஸ்ஸு?” என்று அம்மா கேட்பார். “போன வாரமே சொன்னாங்க, மறந்துட்டேன்.” அதற்கு முதுகில் ஒரு அடி விழும். இல்லையென்றால் மறுநாள் பிள்ளை பள்ளிக்கே போகாது. மயிலாப்பூர் பல்லக்கு மாநகர், மந்தைவெளி விசாலாட்சி தோட்டம், தி.நகர் கண்ணம்மாபேட்டை, கோட்டூர்புரம் சித்ரா நகர் என எந்தக் குடியிருப்பில் கேட்டாலும் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஏழு வயதுக் குழந்தையின் நினைவாற்றலை நம்பித்தான் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே தபால் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தபால் தவறினால் தண்டனை குழந்தைக்கு.

இதே தெருக்களிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் கட்டணப் பள்ளிகளில் கதை வேறு. ஜூன் மாதமே ஆண்டு முழுமைக்குமான நாட்காட்டி அச்சாகி வீட்டுக்கு வந்துவிடுகிறது. எந்த வாரம் எந்தப் பாடம், எந்தத் தேதியில் தேர்வு, எந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், வண்ண உடை நாள் எது, மருத்துவ முகாம் எப்போது என்று எல்லாம் டைரியில் இருக்கும். ஆசிரியர் அதில் ஒரு வரி எழுதுவார், அம்மா கையெழுத்துப் போடுவார். அந்த வீட்டில் அடுத்த வாரம் பெருக்கல் வாய்ப்பாடு வருகிறது என்றால் இந்த வாரமே சமையலறைச் சுவரில் வாய்ப்பாடு ஒட்டப்படும். அந்தப் பிள்ளை வகுப்பில் சட்டென்று பதில் சொல்லும். ‘கெட்டிக்காரப் பிள்ளை’ என்று பெயர் வாங்கும். நம் பிள்ளை அன்றைக்குத்தான் அந்தச் சொல்லையே முதன்முதலில் கேட்கும்.

தகுதி, திறமை என்று பின்னாளில் பேசப்படுகிறதே, அதில் ஒரு பங்கு இப்படித்தான் ஒரு வாரம் முன்னதாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்த தாளிலிருந்து பிறக்கிறது.

“அந்த ஏரியா பெற்றோருக்கு அக்கறை இல்லைங்க, கூட்டம் போட்டா யாரும் வர்றதில்லை.” கல்வி பற்றிய எந்தக் கலந்துரையாடலுக்குப் போனாலும் ஒருவர் எழுந்து இதைச் சொல்லிவிடுகிறார். கூட்டம் எப்போது, எத்தனை மணிக்கு, எத்தனை நாள் முன்னதாகச் சொன்னீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் தடுமாறும். பெரும்பாலும் முதல்நாள் மாலை, பிள்ளை வாய்மொழியாகத்தான் சொல்லப்பட்டிருக்கும். கூட்டம் மறுநாள் பிற்பகலில் இருக்கும்.

ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்வது ஆசிரியரின் பெருந்தன்மையைச் சார்ந்த விஷயம் கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. நேரம் தவறாமை, பாடத்திட்டத்தை முடித்தல் ஆகியவற்றோடு இன்னொன்றும் அங்கே இருக்கிறது: பெற்றோரையும் பாதுகாவலரையும் முறையாகச் சந்தித்து, குழந்தையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம், குழந்தை பற்றிய பிற தகவல்கள் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் 25 சதவீத இடஒதுக்கீட்டைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த வரியைப் பற்றி எந்தத் தெருமுனைக் கூட்டத்திலும் பேசிக் கேட்டதில்லை.

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுதான் பள்ளி மேலாண்மைக் குழுவை உருவாக்கியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களின் விகிதத்துக்கு ஏற்ற இடம் தர வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் காகிதத்தில் இருந்த இந்தக் குழுக்கள் 2022இல் மறுகட்டமைக்கப்பட்டன. அந்த ஆண்டு மார்ச் 20 ஞாயிற்றுக்கிழமை மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. நம் பெண்கள் பலர் முதன்முதலாகத் தலைமையாசிரியர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். ஞாயிறு என்பதால் வர முடிந்தது. அதற்குப் பிறகு மாதக் கூட்டங்கள் வார நாள் பிற்பகலுக்குப் போய்விட்டன. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்கு ஆள் அனுப்புகிற நிலைக்குப் பல இடங்களில் வந்து நிற்கிறது.

வேலை நேரத்தைக் கொஞ்சம் பாருங்கள். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி 2020 முதல் தனியார் வசம். காலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அப்பார்ட்மென்ட்களில் வீட்டு வேலை செய்பவர்களுக்குக் காலையில் நான்கு வீடு, மாலையில் இரண்டு வீடு. தி.நகர் கடைகளில் நிற்கிறவர்கள் இரவு ஒன்பதரைக்கு முன் திரும்புவதில்லை. பிள்ளையைப் பள்ளியில் கொண்டுவிடுவது பாதி வீடுகளில் ஆயாதான். இந்த நேரக் கணக்கைப் பார்க்காமல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, அக்கறை இல்லை என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இந்தப் பகுதியின் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கான பள்ளிகள் சென்னையில் வேர்விட்ட இடங்களில் முக்கியமானது இந்தத் தென்பகுதி. 1894இல் அடையாறு ஊரூரில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கத்திலும் தேனாம்பேட்டையிலும் பள்ளிகள் வந்தன; மயிலாப்பூரில் திருவள்ளுவர் பெயரில் ஒரு பள்ளி வந்தது. ஊரூர்ப் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் நடக்கிறது. ராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ ஏட்டைத் தொடங்கினார். செய்தி என்பது எல்லாருக்கும் எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. பரங்கிமலையில் பிறந்து, பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, பாடநூல்களும் எழுதியவர் எம்.சி.ராஜா. ஆக, பள்ளி என்பது நமக்கு யாரோ போட்ட பிச்சை அன்று. கேட்டும் கட்டியும் பெற்றது.

1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சர் பிட்டி தியாகராயர் மதிய உணவைத் தொடங்கியபோது அதன் நோக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைப்பது. அவர் பெயரில்தான் தி.நகர் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்த வரிசையில் அடுத்த பெரிய காரியம். நூறாண்டுகளாகப் பள்ளி நம் வீட்டின் பசியை அறிந்திருக்கிறது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். வீட்டுக்கு அறிவைப் பற்றிய தகவல் தேவைப்படும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இடையில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் ஒன்று வீட்டை நினைவில் வைத்திருந்தது. அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். அந்த நினைவு நமக்கு வேண்டாம் என்று பெரியாரும் மக்களும் போராடினார்கள். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார்.

இப்போது நடப்புக்கு வருவோம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு; சின்னஞ்சிறு தோள்களில் ஏற்றிய சுமையை இறக்கியது. ஆனால், வீட்டுப்பாடம்தான் நம் வீடுகளுக்கு வகுப்பறையைக் காட்டிய ஒரே சன்னலாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாகூட நோட்டைப் புரட்டி, இன்றைக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறான் என்று கண்ணால் அளந்துகொள்வார். அந்தச் சன்னலை மூடியபோது வேறொன்றைத் திறந்திருக்க வேண்டும். யாரும் திறக்கவில்லை. கட்டணப் பள்ளிகள் உத்தரவைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடித்தன. அரசுப் பள்ளிகள் உத்தரவை மதித்தன. மதித்ததன் விலையை நம் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, அவரவர் நிலைக்கேற்பப் பயிற்சி தருகிறார்கள். எழுத்து நிலையில் நிற்கும் பிள்ளை அரும்பு. அதைத் தாண்டியது மொட்டு. வகுப்புக்குரிய பாடத்தைப் படிக்கும் பிள்ளை மலர். பெயர்கள் அழகு, குழந்தையைப் புண்படுத்தாத பெயர்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அம்மா ஒருவர் எங்கள் மாலை வகுப்புக்கு வந்து, “எம்பொண்ணு அரும்புல இருக்காண்ணே” என்று பெருமையாகச் சொன்னார். ஏதோ பரிசு கிடைத்த மாதிரி முகம். அரும்பு என்றால் அந்தப் பெண் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பூவின் பெயரில் மறைத்து வைக்கத் தேவையே இல்லாத செய்தி அது. ‘உங்க பொண்ணுக்கு இன்னும் எழுத்து சரியா வரலம்மா, மூணு மாசத்துல கொண்டுவந்துடலாம், வீட்ல தினமும் பத்து நிமிஷம் பஸ் போர்டு, கடைப் போர்டு எதையாவது வாசிக்கச் சொல்லுங்க’ என்று நேரடியாகச் சொன்னால் எந்தத் தாயும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. அதை ஆதரித்துத்தான் நாமும் பேசுகிறோம். நிறுத்திவைத்தால் முதலில் வெளியேறப்போவது நம் பிள்ளைகள் என்பது தெரிந்த கதை. ஆனால், நிறுத்தாமல் அனுப்புகிற ஏற்பாட்டில் பிள்ளையின் உண்மை நிலையை வீட்டுக்கு அவ்வப்போது சொல்லும் பொறுப்பு பள்ளிக்கு இரட்டிப்பாகிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகிறது? எட்டு வருடம் எல்லாம் சரியாக இருப்பதாக வீடு நம்புகிறது. ஒன்பதாம் வகுப்பில் ‘உங்க பையன் வாசிக்கவே மாட்டேங்கிறான், டென்த்துக்கு ரிசல்ட் பாதிக்கும்’ என்று முதல் தகவல் வருகிறது. அப்புறம் ஐடிஐயில் சேர்த்துவிடுங்கள் என்ற ஆலோசனை. அதற்குள் பையன் ஏதாவது மெக்கானிக் ஷெட்டுக்கோ டெலிவரி வேலைக்கோ போய்விட்டிருப்பான்.

பாடத்தில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே தெரிவதில் இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. சின்ன வகுப்புகளில் ‘நமக்கு உதவுவோர்’ என்ற தலைப்பு எப்படியும் ஒருநாள் வந்துவிடும். மருத்துவர், காவலர், தபால்காரர், தூய்மைப் பணியாளர் படங்கள். ஆசிரியர் ஒவ்வொரு படமாகக் காட்டிப் பேசுவார். கடைசிப் படம் வரும்போது வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை திரும்பி இன்னொரு பிள்ளையைப் பார்க்கும். அந்தப் பார்வையைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. அந்தப் பாடம் அடுத்த வாரம் வருகிறது என்று வீட்டுக்குத் தெரிந்திருந்தால் அம்மாவோ ஆயாவோ முதல் நாளே பிள்ளையிடம் பேசியிருக்கலாம். ஆசிரியரிடம் போய், ‘நானே ஒருநாள் வந்து என் வேலையப் பத்திச் சொல்றேன் டீச்சர், விடியற்காலைல இந்த ஊர் எப்படி இருக்கும்னு பிள்ளைங்களுக்குத் தெரியட்டும்’ என்று கேட்டிருக்கவும் முடியும். ‘உன் தாத்தா என்ன தொழில் செய்தார், கேட்டு எழுதி வா’ என்ற செயல்பாடும் அப்படித்தான். சாதாரணக் கேள்விபோலத் தெரியும். சில வீடுகளில் அது இரவெல்லாம் தூங்கவிடாத கேள்வி.

தேதிகளில் நம்மை அதிகம் பாதிப்பது உதவித்தொகைத் தேதிகள். சுகாதாரக் குறைவான பணிகளில் இருப்போரின் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றிய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய். வருமான வரம்பு கிடையாது. அதற்குப் பணிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பணிச் சான்று வாங்குவதற்கே மேஸ்திரி, சூப்பர்வைசர் என்று இரண்டு வாரம் அலைய வேண்டும். ‘நாளை மறுநாள் கடைசி நாள்’ என்று தகவல் வந்தால் அது வராத தகவலுக்குச் சமம்.

அந்தத் தகவல் எப்படி வருகிறது என்பது அதைவிட வேதனை. “ஸ்காலர்ஷிப்காரங்கல்லாம் எழுந்து நில்லுங்க” என்று வகுப்பு நடுவில் குரல் வரும். எழுந்து நிற்கிற பத்துப் பிள்ளைகளும் யார் என்று அந்த நொடியில் மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். அதற்குமுன் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எழுந்து நிற்க மறுத்து, விண்ணப்பமே போடாமல் விட்ட பிள்ளைகள் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அக்குழு தந்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றும், உதவித்தொகை விவரங்களை வகுப்பில் அறிவிக்காமல் மாணவரைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துத் தனியே சொல்ல வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆரம்பப் பள்ளியைப் பொறுத்தவரை இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஆறு வயதுக் குழந்தையை அறைக்கு அழைத்து என்ன பயன்? அந்தத் தகவல் நேராகப் பெற்றோருக்குப் போக வேண்டும், மூடிய உறையிலோ தொலைபேசியிலோ.

தொலைபேசி என்றதும் வாட்ஸ்அப் பற்றிப் பேசியாக வேண்டும். பள்ளிக் கல்வித் துறை 2024இல் பெற்றோரின் கைப்பேசி எண்களைச் சரிபார்த்துத் தொகுத்தது. மேலாண்மைக் குழுவுக்கென்று தனிச் செயலியும் இருக்கிறது. முயற்சிகள் வரவேற்கத் தக்கவை. ஆனால், பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ரீசார்ஜ் முடிந்தால் பத்து நாள் செய்தி கிடையாது. வந்த செய்தியும் எழுத்தாக, பிடிஎஃப்பாக, துறை மொழியில் இருக்கும். கட்டை விரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் வரட்டும் என்று காத்திருக்கிற தாய்மார்களைத் தினமும் பார்க்கிறோம். 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் வீடுகளில் நிலைமை இன்னும் சங்கடம். குழுவில் எல்லாம் ஆங்கிலம். புரியவில்லை என்று கேட்டால் யார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். முகப்புப் படத்தில் அண்ணல் அம்பேத்கர் இருந்ததை எடுத்துவிட்டுப் பூச்செண்டு வைத்த ஒரு தந்தையை எனக்குத் தெரியும். இலவசமாகக் கிடைத்த இடம் என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு விலை.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடினால், ஜப்பானில் செய்வது மிக எளிமையாக இருக்கிறது. அங்கே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சிறிய தொடர்பு நோட்டு இருக்கும். நாளைக்கு என்ன பாடம், என்ன கொண்டுவர வேண்டும் என்பதைப் பிள்ளையே கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளும். வீட்டில் பெரியவர் பார்த்ததற்கு அடையாளமாக ஒரு முத்திரை அல்லது கையெழுத்து. அதோடு வகுப்பாசிரியர் அவ்வப்போது ஒரு பக்கத்தில் வகுப்புச் செய்தித்தாள் அனுப்புகிறார். இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் எந்த வகுப்புக்கு என்னென்ன கற்பிக்கிறோம் என்பதைப் பொதுவில் வெளியிட்டாக வேண்டும் என்பது விதி. இரண்டுக்குமே கோடிகள் செலவில்லை. நாற்பது பக்க நோட்டு இங்கே ஏற்கெனவே அரசு இலவசமாகத்தான் தருகிறது.

தென்சென்னை, மத்திய சென்னைப் பகுதிகளின் மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கக் கேட்கிறோம். திங்கட்கிழமைதோறும் ஒரு தாள். பெரிய எழுத்தில், பேச்சுக்கு நெருக்கமான தமிழில், பத்து வரிக்கு மிகாமல். இந்த வாரம் தமிழில், கணக்கில், சூழ்நிலையியலில் என்ன நடத்துகிறோம். வீட்டில் ஐந்து நிமிடம் என்ன பேசலாம். அடுத்த பதினைந்து நாளில் வரும் தேதிகள் என்ன. என்ன பொருள் வேண்டும், அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, வீட்டில் கிடைப்பதே போதுமா. காசு விஷயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். பழைய காலண்டர் அட்டை போதும் என்று ஒரு வார்த்தை இருந்தால் ஒரு வீட்டில் அன்றைய பால் காசு மிச்சமாகும்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அதே தாளை ஆசிரியர் வாசித்து, ஒரு நிமிடக் குரல் பதிவாக அனுப்பலாம். காலை உணவு நேரத்தில் ஆயாக்கள் பள்ளி வாசலில்தான் நிற்கிறார்கள். அங்கேயே ஒருமுறை சத்தமாக வாசிக்கலாம். வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதியும் வைக்கலாம். மேலாண்மைக் குழுவின் அம்மாக்கள் இரண்டு பேர் அதைப் பொறுப்பெடுத்துக்கொள்ள முடியும். பெற்றோர் கூட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில், அல்லது மாலை ஏழு மணிக்குக் குடியிருப்புக்குள்ளேயே நடக்கட்டும். தேதி இரண்டு வாரம் முன்னால் தெரிந்தால் மேஸ்திரியிடம் நேரம் மாற்றிக் கேட்கவாவது வழி இருக்கும்.

ஆசிரியர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள் என்பது தெரியும். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்க்கிற பள்ளிகள் இருக்கின்றன. எமிஸ் தளத்தில் பதிவேற்றம், பயிற்சி, கணக்கெடுப்பு, தேர்தல் பணி என்று பாடம் தவிர்த்த எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டியிருக்கிறோம். அதில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்து, இந்தத் தாளுக்கும் ஒரு பதிவேடு, அதற்கும் ஒரு புகைப்படம், அதற்கும் ஒரு பதிவேற்றம் என்று ஆனால் திட்டம் மூன்றாம் வாரமே செத்துப்போகும். துறை செய்ய வேண்டியது, பாடப் பகுதியை வட்டார அளவில் அச்சிட்டுக் கொடுப்பது. தேதிகளை மட்டும் ஆசிரியர் நிரப்பட்டும். இருக்கிற பதிவேடுகளில் ஒன்றையாவது குறைத்துவிட்டு இதைக் கேட்கட்டும். கேட்கிற நாமும் ஆசிரியரை எதிரியாக நிறுத்தக் கூடாது. அவர்களில் பலர் தம் சொந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பென்சில் வாங்கித் தருகிறவர்கள்.

தகவல் எதிர்த்திசையிலும் போக வேண்டும். வீட்டுக்கு நேர்வது எதுவும் பள்ளிக்குத் தெரிவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் கல்வியாண்டின் நடுவில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. 2022 ஏப்ரல் இறுதியில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கத் தொடங்கியபோது பொதுத்தேர்வு வாசலில் நின்றது. பள்ளி நாட்காட்டியில் தேர்வு என்று இருந்த வாரம், வீட்டின் நாட்காட்டியில் புல்டோசர் வாரமாக இருந்தது. வாழ்விட மேம்பாட்டு வாரியமும் மாநகராட்சியும் ஒரு குடியிருப்பை அகற்றும் முன் அங்குள்ள பிள்ளைகள் படிக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கல்வியாண்டு முடியும்வரை கை வைக்கக் கூடாது என்பது நம் நெடுநாள் கோரிக்கை. அதை மீண்டும் இங்கே வைக்கிறோம்.

கடைசியாக நம் தோழர்களுக்கு. நம் குடியிருப்புகளின் முனையில் எல்லாம் ஒரு மன்றம் இருக்கிறது. அம்பேத்கர் படம், நீலக் கொடி, பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் இரங்கல் செய்தி வரும், பொதுக்கூட்ட அறிவிப்பு வரும், ஏப்ரல் 14 வந்தால் வண்ணத்தில் வாழ்த்து வரும். அந்தப் பலகையின் கால் பங்கைப் பள்ளிக்கு ஒதுக்குங்கள். மன்றத்தில் படித்த இளைஞர் ஒருவர் திங்கள் மாலை பள்ளிக்குப் போய், தலைமையாசிரியரிடம் அந்த வாரத் தேதிகளைக் கேட்டு வந்து எழுதட்டும். பள்ளி தாள் தரத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் எழுத வேண்டியது அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் தேதியும் நேரமும். அதற்குக் கீழே, கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் பிள்ளை இப்போது அரும்பா, மொட்டா, மலரா?